வில்லனுக்கு வாசகர் இரங்க என்ன வேண்டும்?

2024 மார்ச் 3 (வாசகர் கேள்வி)

நான் எழுதிவரும் தொடர்கதையில் வட்டிக்குப் பணம் கொடுப்பவர் ஒருவர்தான் வில்லன். தொடக்க அத்தியாயங்களிலேயே அவர் கடன் கட்டாத நெசவாளி ஒருவரின் தறியைக் கழற்றி எடுத்துப் போகிறார். வாசகர்கள் அவரை வெறுத்து ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக, இடையில் ஓர் அத்தியாயம் முழுவதும் அவருடைய சிறுவயதுப் பட்டினியையும் தகப்பனாரின் குடியையும் எழுதினேன். படித்தவர்களோ, "பட்டினி கிடந்தவர்கள் எல்லாரும் தறியைப் பிடுங்குகிறார்களா?" என்று கேட்கிறார்கள். வில்லனுக்குப் பழைய காயம் ஒன்றைக் கொடுத்தால் வாசகர் இரங்குவார் என்றுதான் கதை எழுதக் கற்றுக்கொடுப்பவர்கள் சொல்கிறார்கள். அது ஏன் என் கதையில் பலிக்கவில்லை?

2024 மார்ச் 3, இரவு

பழைய காயம் ஒருவன் ஏன் அப்படி ஆனான் என்பதை விளக்கும். விளக்கம் கிடைத்த வாசகர் "சரி, புரிகிறது" என்பார். இரங்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. நீங்கள் ஓர் அத்தியாயம் முழுக்க வில்லனுக்காக வாதாடினால், படிப்பவர் எதிர்த்தரப்பு வக்கீலாக எழுந்து நிற்கத்தான் செய்வார்.

கம்பனின் இராவணனுக்கு என்ன காயம் இருக்கிறது? முக்கோடி வாழ்நாள், பெருந்தவம், யாராலும் வெல்லப்பட மாட்டாய் என்ற வரம் ஆகிய அனைத்தும் உடையவன் அவன். பிறர் மனைவியைக் கவர்ந்து வந்ததற்கு அவனுடைய இளமைத் துன்பம் எதுவும் காரணமாகக் காட்டப்படவில்லை. அப்படியிருந்தும் முதல் நாள் போரில் தோற்று அவன் நகருக்குத் திரும்பும் பாட்டைப் படித்து மனம் கனக்காதவர் அரிது.

வாரணம் பொருத மார்பும் வரையினை எடுத்த தோளும்
நாரத முனிவற்கு ஏற்ப நயம்பட உரைத்த நாவும்
தாரணி மவுலி பத்தும் சங்கரன் கொடுத்த வாளும்
வீரமும் களத்தே போட்டு வெறுங்கையோடு இலங்கை புக்கான்.

இந்தப் பாட்டில் "ஐயோ பாவம்" என்ற பொருள் தரும் ஒரு சொல்கூட இல்லை. திசை யானைகளோடு மோதியது, கயிலையைத் தூக்கியது, நாரதர் மெச்சும்படி பாடியது, சிவனிடம் வாள் பெற்றது என்று அவன் உண்மையாகவே சாதித்தவற்றை வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசி அடியில் அனைத்தையும் அவன் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறான் கம்பன். உங்கள் வட்டிக்காரர் சிறுவயதில் எதை இழந்தார் என்பதை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இப்போது, எங்கள் கண் முன்னால், அவர் எதை இழக்கிறார்?

2024 மார்ச் 5

மேலே சொன்னதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய பாட்டு, அதை அடுத்துச் சிறிது தூரத்திலேயே வருகிறது. வானம் சிரிக்கும், மண் சிரிக்கும், பகைவர் எல்லாரும் சிரிப்பார்கள் என்பதற்கெல்லாம் இராவணன் நாணவில்லையாம். "சானகி நகுவள்" என்று நினைத்தே நாணத்தால் சாம்புகிறான். யாரைச் சிறைப்படுத்தினானோ அவள் தன்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று ஒருவன் வெட்கப்படுவது எவ்வளவு பரிதாபமோ அவ்வளவு அபத்தமும் ஆகும். அசோகவனத்தில் இருப்பவளுக்குச் சிரிக்கவா தோன்றும்? இத்தனை நாள் எதிரே போய் நின்று கெஞ்சியும் அவளைப் பற்றி அவன் ஒன்றுமே அறிந்துகொள்ளவில்லை என்பதை அந்த வெட்கமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. நாம் இரங்குகிற இடத்திலேயே அவனுடைய குற்றமும் குறையாமல் நிற்கிறது. இந்தப் பாட்டை நான் படிக்கும்போதெல்லாம் எழுத்துத் திறமைக்காக வியப்பேன்; பிறகு, யாரோ ஒருவர் சிரிப்பாரே என்று அஞ்சி நான் செய்த அசட்டு வேலைகள் நினைவுக்கு வரும்.

2024 மார்ச் 6

"பி. எஸ். வீரப்பாவின் சிரிப்பை ரசிக்காத தமிழர் உண்டா, அவருக்கு எந்தக் கம்பன் பாட்டு எழுதினான்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 1957இல் வந்த 'மகாதேவி'யில் "மணந்தால் மகாதேவி, இல்லையேல் மரணதேவி" என்று அவர் சொன்னதை இன்றும் பேசுகிறோம். ஆனால் அவர் இறந்துபோனால் யாரும் வருந்துவதில்லை. அடுத்த படத்தில் மறுபடியும் வந்து சிரிப்பார் என்று நிம்மதியாக எழுந்து போகிறோம். வில்லனை ரசிப்பதும் அவனுக்கு இரங்குவதும் வேறு வேறு வேலைகள். முன்னதற்கு நல்ல குரல்வளமே போதும்.

இரண்டையும் ஒருசேரச் சாதித்தவர் எம். ஆர். ராதா. 'ரத்தக்கண்ணீர்' நாடகமாகப் பல ஊர்களில் நடந்து 1954இல் படமாக வந்தது. அதில் வரும் மோகனசுந்தரம் தாயை மதிக்காதவன், மனைவியைத் தள்ளி வைத்தவன். தொழுநோய் வந்து தெருவில் விழுந்த பிறகும் அவனுடைய நாக்கின் கூர்மை மழுங்குவதில்லை. உடல் அழுகிக்கொண்டிருக்கும்போதும் எதிரே வருபவரை மடக்கிப் பேசிக்கொண்டிருக்கிறான். "என்னைப் பாருங்கள், எனக்கு இரங்குங்கள்" என்று அவன் கெஞ்சியிருந்தால், "உனக்கு வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு நாம் முறுக்கு வாங்கப் போயிருப்போம்.

2024 மார்ச் 9

கும்பகருணனைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது; கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இராவணனின் அவையில் அவன் சொல்வது இது: பிறர் மனைவியைச் சிறையில் அடைப்போம், பிறகு மாசில்லாத புகழுக்கும் ஆசைப்படுவோம், "பேசுவது மானம், இடை பேணுவது காமம், கூசுவது மானுடரை, நன்று நம் கொற்றம்!" இராமனின் பக்கத்தில் நிற்கும் எவரும் இராவணனை இவ்வளவு சுருக்கமாகவும் கூர்மையாகவும் கண்டித்ததாக எனக்கு நினைவில்லை. பிறகு அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிப் போருக்குப் போகச் சொல்கிறார்கள். எழுந்தவன் அண்ணனிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஆனதோ வெஞ்சமம்? அலகில் கற்புடைச் சானகி துயர் இனம் தவிர்ந்தது இல்லையோ?" என்பதாகும். போர் வந்துவிட்டதா, அந்தப் பெண்ணின் துயரம் இன்னும் தீரவில்லையா என்று கேட்ட அதே வாயால், சரி, போகிறேன் என்றும் சொல்கிறான். போர்க்களத்தில் தம்பி வீடணன் வந்து, இந்தப் பக்கம் வந்துவிடு என்று அழைக்கும்போது, நீரில் வரைந்த கோலம் போன்ற இந்த வாழ்வை விரும்பி, என்னை நெடுநாள் வளர்த்து, போர்க்கோலமும் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அங்கே வர மாட்டேன் என்கிறான். நீ போய் இராமனோடு இரு, என் துயரைத் தீர்ப்பதென்றால் அதுதான் வழி என்று தம்பியைத் திருப்பியும் அனுப்புகிறான்.

இங்கே கம்பன் செய்திருப்பது மிகத் தந்திரமான காரியம். வில்லன் தரப்பில் நிற்பவனைக் குற்றம் சாட்டும் வேலையைப் பொதுவாக வாசகர்தான் செய்ய வேண்டியிருக்கும். கும்பகருணன் அந்த வேலையைத் தானே முடித்துவிடுகிறான். தன் பக்கம் தவறு என்பது அவனுக்குத் தெரியும், தோல்வி உறுதி என்பதும் தெரியும். நாம் அவனுக்கு எடுத்துச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே இரக்கம் தவிர வேறு எதற்கும் நம்மிடம் இடமில்லாமல் போகிறது.

கடைசியில் மூக்கும் காதும் இழந்து, கைகால்கள் அறுபட்டுக் கிடக்கும்போது இராமனிடம் இரண்டு வரங்கள் கேட்கிறான். அண்ணன் இரக்கமில்லாதவன், என் தம்பியைக் கண்டால் கொன்றுவிடுவான், ஆகவே அவனை உங்களிடமிருந்து ஒரு பொழுதும் பிரிய விடாதே என்பது ஒன்று. மூக்கில்லாத முகம் என்று முனிவரும் தேவரும் பார்க்கக் கூடாது, என் தலையை அறுத்துக் கடலுக்குள் போக்கிவிடு என்பது மற்றொன்று. தான் யாருக்காகச் சாகிறானோ அவனைக் கொலைகாரன் என்று அறிந்தே சாகிறான். கூடவே தன் முகத்தைப் பற்றிய சின்னஞ்சிறு மான உணர்வையும் விடவில்லை. அந்த இரண்டாவது வரம் இல்லாமல் போயிருந்தால் கும்பகருணன் ஒரு தியாகச் சிலையாக நின்றிருப்பான் என்றே நினைக்கிறேன்.

2024 மார்ச் 10

"கும்பகருணன் வில்லனே இல்லை, வில்லனின் தம்பி, எளிய உதாரணத்தை எடுத்துக்கொண்டீர்கள்" என்று வந்த மறுப்பை ஏற்கிறேன். அப்படியானால் இராவணனுக்கே திரும்புவோம்.

இந்திரசித்து இறந்தபின் மகனின் உடலைப் பார்த்து அவன் அழும் அழுகை, கம்பன் எழுதியவற்றுள் மிகக் கொடிய பாட்டுகளில் ஒன்று. "எனக்கு நீ செய்யத்தக்க கடன் எலாம் ஏங்கி ஏங்கி உனக்கு நான் செய்வதானேன், என்னின் யார் உலகத்து உள்ளார்?" மகன் தனக்குச் செய்ய வேண்டிய இறுதிக் கடனைத் தகப்பன் மகனுக்குச் செய்ய நேர்வது எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது என்பதால், இலங்கை வேந்தன் ஒரு நொடியில் நம் தெருக்காரன் ஆகிவிடுகிறான். ஆனால் அந்தப் பாட்டுக்குள்ளேயே, இது "நேரிழை ஒருத்தி நீரால்" வந்தது, அதாவது ஒரு பெண்ணின் பொருட்டு வந்தது என்றும் அவன் சொல்கிறான். தன் ஆசையால் வந்தது என்று அவனுக்குச் சொல்ல வரவில்லை. அதே துயரத்தில் வாளை எடுத்துக்கொண்டு சீதையை வெட்டப் புறப்படுகிறான். உடனிருப்பவர் தடுக்க வேண்டியிருக்கிறது. நாம் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் அவன் மறுபடி அச்சமூட்டுபவனாக நிற்கிறான். வில்லனுக்கு இரங்க வைக்க விரும்புகிற பெரும்பாலான எழுத்தாளர்கள் இரக்கக் காட்சி ஒன்றை எழுதியதும், அது கலைந்துவிடுமோ என்று அஞ்சி, அதன் பிறகு அவனைத் தீங்கு செய்ய விடுவதில்லை. கம்பனுக்கு அந்த அச்சம் கிடையாது.

மண்டோதரியின் புலம்பலும் அப்படித்தான். எள் இருக்கும் இடம்கூட விடாமல் அம்பு அவன் உடலைத் துளைத்திருக்கிறதே, சானகியை மனச்சிறையில் மறைத்து வைத்த காதல் உள்ளே எங்காவது ஒளிந்திருக்கும் என்று தேடித் தடவிப் பார்த்ததோ என்று கேட்கிறாள். செத்தவனுக்காக அழுபவளே அவனுடைய குற்றத்தையும் பெயர் சொல்லி அழுகிறாள். இத்தனைக்கும் அந்தக் குற்றத்தால் அவமானப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி.

2024 மார்ச் 14

கூத்தைப் பற்றி ஒருவர் தொட்டுப் பேசியிருக்கிறார். நான் வட மாவட்டத்துக்காரன் என்பதால் அங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இரவு இரவாக நடக்கும். துகில் உரியும் கூத்தன்று பெண்கள் துரியோதனனையும் துச்சாதனனையும் மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டுவார்கள். சேலையைத் தொடுவதற்கு முன் துச்சாதனன் வேடக்காரரே கற்பூரம் ஏற்றி அம்மனிடம் பொறுத்தருளச் சொல்லி வேண்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பதினெட்டாம் போர் முடிந்து பகலில் படுகளம். திறந்த வெளியில் துரியோதனனை மண்ணால் மிகப் பெரிய உருவமாகப் படுக்க வைத்து, வண்ணம் பூசி வைத்திருப்பார்கள். பீமன் தொடையில் அடிப்பான், திரௌபதி கூந்தல் முடிப்பாள், சபதம் நிறைவேறும். அதன் பிறகு அந்த மண்ணுடலின் மேல் ஒப்பாரி எழும். அவனைத் திட்டிய அதே பாட்டிமார் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பார்கள். அவர்களில் ஒருவரிடம் "அவனுக்காகவா அழுகிறீர்கள்?" என்று சிறுவனாக இருந்தபோது கேட்டதற்கு, "செத்தவனுக்கு என்னடா கட்சி?" என்று தலையில் குட்டினார்.

குட்டு வாங்கியதால் இன்னொன்றும் நினைவில் நின்றுவிட்டது. கூத்தில் எவரும் வில்லனாக அறிமுகமாவதில்லை. திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவரும் தம் பெருமையைத் தாமே பாடிக்கொண்டுதான் வருகிறார்கள்; துரியோதனனுக்கும் அந்த உரிமை உண்டு. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அவனைக் கிண்டல் செய்வான், அவன் பதில் சொல்வான், நாம் சிரிப்போம். சபையில் அவன் கொடுமை செய்ய வரும்போது நாம் ஏற்கெனவே அவனோடு சேர்ந்து சிரித்தவர்களாக இருக்கிறோம்.

இதன் இலக்கிய வடிவம் வில்லிபாரதத்தில் இருக்கிறது. துரியோதனனின் நற்குணத்தை வில்லிபுத்தூரார் தாமாகச் சொல்வதைவிடக் கர்ணன் வாயால் சொல்ல வைப்பதில்தான் வலிமை அதிகம். துரியோதனனின் மனைவியோடு தான் தனித்திருந்தபோது அவள் மேகலை அறுந்து மணிகள் சிந்த, வந்து பார்த்த கணவன் சந்தேகப்படாமல் "எடுக்கவோ, கோக்கவோ" என்று கேட்டான். அவனுக்காகப் போரிட்டுச் செஞ்சோற்றுக் கடன் கழிப்பதே எனக்குப் புகழும் தருமமும் என்கிறான் கர்ணன். திரௌபதியைச் சபைக்கு இழுத்து வரச் சொன்னவனும் இந்தக் கேள்வியைக் கேட்டவனும் ஒரே ஆள்.

2024 மார்ச் 15

கேரளத்தில் கொல்லம் மாவட்டத்து மலநடையில் துரியோதனனுக்குக் கோயிலே இருக்கிறது. மேலே உள்ள பாட்டியிடம் இதைச் சொல்லியிருந்தால் இன்னொரு குட்டு கிடைத்திருக்கும்.

2024 மார்ச் 19

புலவர் குழந்தையின் 'இராவண காவிய'த்தை நான் ஏன் குறிப்பிடவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். 1946இல் வெளிவந்து, 1948இல் சென்னை மாகாண அரசால் தடை செய்யப்பட்டு, 1971இல் தடை நீங்கிய நூல் அது. அதன் செய்யுள் வளத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அங்கே இராவணன் குற்றமற்ற தலைவன். வில்லன் வேறு பக்கத்துக்குப் போய்விடுகிறான். யார் வில்லன் என்ற வழக்கை மறுபடி நடத்துவது அந்தக் காவியத்தின் நோக்கம். குற்றத்தை ஒப்புக்கொண்டபின் மனம் என்ன செய்கிறது என்பதுதான் நம் கேள்வி என்பதால் அதை ஒதுக்கினேன். இந்தப் பகுதியில் வேறு சண்டை தொடங்க வேண்டாம்.

2024 மார்ச் 23

மார்ச் 3இல் பழைய காயத்தை நான் கொஞ்சம் அதிகமாகவே தள்ளிவிட்டேனோ என்று 'பொன்னியின் செல்வ'னை மறுபடி புரட்டியபோது தோன்றியது. நந்தினிக்கு இருப்பதெல்லாம் பழைய காயம்தானே. வீரபாண்டியனின் உயிருக்காக அவள் ஆதித்த கரிகாலனிடம் மன்றாடியும் அவன் தலையை வெட்டிவிட்டான். அவளுடைய சூழ்ச்சி முழுவதும் அந்தக் கொலை நடந்த குடிசையிலிருந்து கிளம்புகிறது. அவளுக்கு இரங்காத வாசகரை நான் சந்தித்ததில்லை.

ஆனால் கல்கி அந்தக் காயத்தை யாரிடம் சொல்ல வைக்கிறார் என்று பாருங்கள். அதை முதலில் விரிவாகச் சொல்பவன் கரிகாலன். அதாவது காயத்தை உண்டாக்கியவனே தூக்கமில்லாமல் புலம்புகிறான். பிறகு ஆழ்வார்க்கடியான் ஒரு விதமாகவும் நந்தினி வேறொரு விதமாகவும் சொல்கிறார்கள். அவள் சொல்வதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வேடம் என்று கடைசி வரை முடிவு கட்ட முடிவதில்லை. 1950 முதல் வாரந்தோறும் படித்தவர்கள் அவளைப் பற்றி வீட்டுக்கு வீடு வாதாடியிருப்பார்கள். உங்கள் வட்டிக்காரரின் பட்டினியைக் கதைசொல்லியாகிய நீங்களே, ஐயத்துக்கு இடமின்றி, ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். அதை அவரால் பாதிக்கப்பட்ட நெசவாளி, மனமில்லாமல், ஒரே வாக்கியத்தில் சொல்லட்டும்.

என் அனுபவத்தில் ஒன்று. ஊரில் மேடை நாடகம் எழுதிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு பண்ணையார் பாத்திரத்துக்கு நான் உருக்கமான நீண்ட வசனம் எழுதியிருந்தேன். பஞ்சாயத்தில் தோற்றுப் போகும் காட்சியில் நடிகர் வசனத்தை மறந்துவிட்டார். சமாளிப்பதற்காக, கழற்றிப் போட்ட செருப்பைத் தேடத் தொடங்கினார். முன்பெல்லாம் அவர் எழுந்தால் செருப்பை எடுத்து வைக்க ஆள் ஓடி வருவான். அன்று எவரும் அசையவில்லை. கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த ஊரில் வசனத்தை நானே அடித்துவிட்டேன். நடிகரோ அதை அதற்குள் மனப்பாடம் செய்துவிட்டு வந்து கோபித்துக்கொண்டார்.

2024 மார்ச் 27

சில நாட்களாக ஒரு நெருடல் இருக்கிறது. இதுவரை நாம் பேசிய வில்லன்களில் பெரும்பாலோர் அரசர்கள், அரசரின் தம்பிகள், அரண்மனைப் பெண்கள். சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோவலனை ஆராயாமல் கொல்லச் சொன்ன நெடுஞ்செழியனுக்கு இளங்கோ எவ்வளவு செய்கிறார்! தலைநோய் என்று ஊடிச் சென்ற தேவியைச் சமாதானப்படுத்தப் போகும் அவசரத்தில் அவன் அந்தச் சொல்லைச் சொன்னான் என்று காட்டுகிறார். உண்மை தெரிந்ததும் "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி அரியணையிலேயே உயிர் விடும் பெருமையையும் தருகிறார். சிலம்பைத் திருடிப் பழியைக் கோவலன் மேல் போட்ட பொற்கொல்லனுக்கோ ஒரு பெயர்கூட இல்லை. அவன் ஏன் திருடினான், மாட்டிக்கொள்வோம் என்று எத்தனை நாள் பயந்தான் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. பின்னால் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்று நீர்ப்படைக் காதை சொல்லிவிட்டுக் கடந்து போகிறது. அரசன் செய்த பிழைக்கு ஓர் உயர்ந்த சாவு. கொல்லன் செய்த பிழைக்கு அவன் சாதித்தொழிலே பலி. இழப்பதற்குப் பெரிதாக ஏதாவது வேண்டும் என்று நான் மார்ச் 3இல் சொன்ன இலக்கணம், இழக்க ஒன்றுமில்லாதவனை இரக்கத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. செருப்பைத் தேடுவது போன்ற சிறு இழப்பு எவருக்கும் உண்டு என்பது மட்டும்தான் இப்போதைக்குத் தோன்றுகிறது.

2024 மார்ச் 30

கேள்வி கேட்டவர் புதிதாக எழுதிய பகுதியை அனுப்பியிருக்கிறார். பட்டினி அத்தியாயம் போய்விட்டது. வட்டிக்காரரின் மகளுக்கு நிச்சயமான இடத்தில், மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகையில் அவர் பெயருக்குக் கீழே என்ன தொழில் போடுவது என்று தயங்குகிறார்கள். அவர் "ஒன்றும் போட வேண்டாம்" என்கிறார். மறுநாள் காலை வழக்கம்போல் வசூலுக்குக் கிளம்புகிறார். நன்றாக இருக்கிறது. அந்த மறுநாள் காலையை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டிவிடாதீர்கள். வசூலுக்கு அவரோடு போகிற, தறியைக் கழற்றுகிற அந்தக் கூலியாளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்பதையும் கவனித்தேன்; அவனுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு அடுத்த அத்தியாயத்தை எழுதுங்கள்.